பெயர் ஒட்டாத நீலப் பாத்திரம்

ஆரின் புரோக்னோ பதினொரு மாதம் உட்கார்ந்து எழுதிய அறுபத்திரண்டு பக்கங்களை முக்கால் மணி நேரத்தில் நாசமாக்கியது நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் குழுவின் டெல்பர்ட் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்.

என் பெயர் மார்லிஸ் குண்டர்சன். ஷிபோய்கன் நகரத்தில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். கடைசி வரிசையில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதைப் பின்பார்க்கும் கண்ணாடியிலேயே கண்டுபிடிப்பேன். வியாழக்கிழமை மாலைகளில் ஒரு விளையாட்டுக் கடையின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து வேற்றுக்கிரகவாசிகளைப் பிடிப்போம். இந்த வேலையும் பதினொரு வருடமாக நடக்கிறது.

சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகளை அடக்கியாளும் ரகசியத் துறை என்றால் கண்ணாடிக் கட்டிடம் இருக்கும், கறுப்புக் கோட்டு இருக்கும், பூமிக்கு அடியில் ரயில் ஓடும். அந்தத் துறையால் ஒன்றும் ஆகவில்லை என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் முதுகில் துணி பறக்க ஒருவன் வானத்திலிருந்து குதித்து எல்லாவற்றையும் முடித்துவைப்பான். எங்கள் விளையாட்டில் யாரும் குதிக்க மாட்டார்கள். அதன் பெயர் 'களைக் கட்டுப்பாட்டுத் துறை'. மாவட்ட அலுவலகத்து மாடியில் இரண்டு அறை, ஆரஞ்சு நிற மேல்சட்டை, களைக்கொல்லி விளம்பரம் எழுதிய ஒரு ஓட்டை வேன், அவ்வளவுதான் துறை. சாலையோரம் களை பிடுங்குகிறவனை யாராவது நின்று பார்க்கிறார்களா? அதுதான் எங்கள் மறைவிடம். வேற்றுக்கிரகவாசிக்கு எங்கள் பாஷையில் பெயரே 'களை'. கண்டுபிடி, பிடி, பார்த்தவர்களை மறக்கச் செய். துறைக்கு இந்த மூன்றுதான் கட்டளை.

காய் நகர்த்தும் பலகை எதுவும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். ஜெயமா தோல்வியா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். இருபது விழுந்தால் ராஜா, ஒன்று விழுந்தால் குப்பை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் உண்டு: சொன்னால் செய்தாயிற்று. உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாலும் சொன்னது சொன்னதுதான்.

எங்களுக்குக் கதை நடத்துகிறவன் ஆரின். நாற்பத்துநாலு வயது. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எழுத்தில் கெட்டிக்காரன். ஆனால் எழுதியதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டால் போதும், காது சிவந்துவிடும், பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிடுவான். 'உங்க நாய்க்கு என்ன பேரு' என்று கேட்டால்கூடப் பக்கம் புரட்டுவானோ என்னவோ. தான் எழுதிய கதைகளை, அவற்றுக்கு 'வழக்கு' என்று பெயர், இந்த விளையாட்டை வெளியிடும் பதிப்பகத்துக்கு இரண்டு முறை அனுப்பினான். இரண்டு முறையும் ஒரே பதில்: எழுத்து அருமை, மேஜையில் உயிர் இல்லை.

இந்த முறை கடைசி. பதிப்பகம் இந்த விளையாட்டுக்குப் போடும் கடைசிப் புத்தகம் இது. அதில் ஆறு வழக்குகள். ஐந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆறாவது இடம் மட்டும் காலி. மில்வாக்கியில் நடக்கும் விளையாட்டு மாநாட்டில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பதிப்பகத்தின் ஆசிரியை ரோசலின்ட் ஏம்ஸ் எங்களோடு தானும் ஒரு ஆளாக உட்கார்ந்து ஆரினின் வழக்கை விளையாடிப் பார்ப்பதாக ஏற்பாடு. நாலு மணி நேரம். அதன் பிறகு உண்டு, அல்லது இல்லை.

"இதுவும் திரும்பி வந்துச்சுன்னா நான் கதை நடத்தற நாற்காலியில இனிமே உக்கார மாட்டேன் மார்லிஸ்," என்று முந்தின வியாழக்கிழமை ஆரின் சொன்னான். "எனக்கு வராததை எத்தனை வருஷம் இழுத்துட்டு இருக்கறது?"

அவன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. 

*

மாநாட்டு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான மேஜைகள், காது கிழியும் சத்தம். எங்கள் மேஜையில் ஆரினுக்கு எதிரே நான். என் வலது பக்கம் டெல்பர்ட். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர், சட்டைப் பையில் இன்னும் டேப் சுருள் வைத்துக்கொண்டு திரிகிறவர். எந்தக் களையைப் பார்த்தாலும் முதல் வேலையாகச் சுடுவார். பதினொரு வருடத்தில் சுடாமல் விட்டது ஒன்றுகூட இல்லை. இடது பக்கம் பா ஞியா வாங், மருந்துக்கடையில் மருந்தாளுநர். எங்கள் ஊரில் அகதிகளாகக் குடியேறிய மோங் என்ற ஆசிய இனத்துப் பெண். குறைவாகப் பேசுவாள், பேசினால் குத்தும். அவளுக்கு அடுத்து ரோசலின்ட் ஏம்ஸ். குட்டையாக வெட்டிய நரைமுடி, காதில் பென்சில். தலைமையகத்திலிருந்து வந்த கண்டிப்பான அதிகாரியாக விளையாடுவதாகச் சொன்னார். நடிக்கத் தேவையே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரின் முதல் பக்கத்தை எடுத்துப் படித்தான். ஒரு சிற்றூர், லூதரன் சர்ச்சின் அடித்தளக் கூடம், இலையுதிர்காலக் கூட்டு விருந்து. ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். இருநூறு பேர். அவர்களில் ஒருவர் களை.

"நீளமான மேஜை. காபி அண்டா. பன்றித்தொடை, ஜெல்லி, உருளைக்கிழங்கு. மேஜைக் கடைசியில மூடி போட்ட ஒரு நீலக் கண்ணாடிப் பாத்திரம். மேல மாடியில யாரோ ஆர்கன் வாசிக்கறாங்க. விட்டு விட்டுக் கேக்குது. நீங்க என்ன பண்றீங்க?"

மூளை உள்ள எவரும் மாடிக்குப் போயிருப்பார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"அந்த நீலப் பாத்திரத்தைத் தூக்கி அடியில பாக்கறேன். டேப்புல யார் பேரு இருக்கு?"

எங்கள் பக்கத்தில் கூட்டு விருந்துக்குப் பாத்திரம் எடுத்துப் போகிறவள் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதாமல் வாசல்படி தாண்ட மாட்டாள். புருஷன் பெயரை மறந்தாலும் டேப்பை மறக்க மாட்டாள். எனவே அது மிகச் சாதாரணமான கேள்விதான். ஆனால் ஆரினின் தாளில் அதற்குப் பதில் இல்லை. காது சிவந்தது. ஒரு பக்கம் புரட்டினான். இன்னொரு பக்கம் புரட்டினான்.

"பேரு... பேரு ஒண்ணும் இல்ல," என்றான்.

டெல்பர்ட் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பேரு இல்லையா?"

"சர்ச் விருந்துல," என்றேன் நான். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "பேரு இல்லாத பாத்திரம்."

"மனுஷப் பிறவி வைக்காது," என்றார் டெல்பர்ட்.

"அப்படி வைக்கறவங்களும் இருக்காங்க," என்றாள் பா ஞியா. யார் கேட்டார்கள்? டெல்பர்ட் ஏற்கெனவே துப்பாக்கியை உருவிவிட்டார்.

"பாத்திரத்துக்குக் குறி வெக்கறேன்."

"பொறுங்க டெல், ஊரே நின்னு பாக்குது! நான் தீ அபாய மணிய அடிக்கறேன். எல்லாரும் வெளியே ஓடட்டும்," என்றேன்.

"எல்லாருமா?" என்றான் ஆரின். அவன் கண் தாளுக்குப் போனது.

"எல்லாரும். மாடியில இருக்கறவங்களும் சேத்துதான்."

சொன்னால் செய்தாயிற்று. இருநூறு பேரும், ஆர்கன் வாசித்தவரும் சேர்ந்து, வாகன நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். அடித்தளத்தில் நாங்கள் நாலு பேரும் நீலப் பாத்திரமும் மட்டும் மிஞ்சினோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கையுறை போட்டோம். வேனிலிருந்து கருவி கொண்டு வந்தோம். ரோசலின்ட் அம்மையார் பாத்திரத்தின் சூட்டை அளந்தார். சாதாரணச் சூடு. கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பகடை உருட்டினேன், இருபது விழுந்தது. இருபது விழுந்தும் ஒன்றும் இல்லை என்றான் ஆரின்.

"இருபது விழுந்தும் தெரியலன்னா எவ்வளவு தந்திரமா மறைச்சு வெச்சிருக்கு பாருங்க!" என்றார் டெல்பர்ட்.

நான் வேறு தலையை ஆட்டினேன். இந்த விளையாட்டுக்காரர்களுக்கே உள்ள வியாதி இது. கதை நடத்துகிறவன் பேச்சுவாக்கில் ஒரு கதவைச் சொன்னால் ஒரு மணி நேரம் அந்தக் கதவை நக்கிக்கொண்டிருப்போம். பா ஞியா ஒருத்திதான் மூடியைத் திறந்து பார்த்தாள். நூடுல்ஸ், கோழி, மேலே நொறுக்கிப் போட்ட உருளைக்கிழங்கு வறுவல்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க," என்றாள்.

"தொடாதே!" என்று மூன்று பேரும் கத்தினோம்.

அப்போதுதான் ஆரினை நிமிர்ந்து பார்த்தேன். பேருந்தில் பின்கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி, நேராகப் பார்க்காமல் சாய்வாக. அவன் விரல் பதினெட்டாம் பக்கத்துக்குப் போனது, நாற்பதாம் பக்கத்துக்குப் போனது, திரும்ப மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. நெற்றியில் வியர்வை. எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. அந்தப் பாத்திரம் அவன் கதையிலேயே கிடையாது. அது மேஜையை நிரப்ப வைத்த ஒரு பாத்திரம், அவ்வளவே. களை மாடியில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தது. நான்தான் அதை மணி அடித்து வெளியே அனுப்பினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது ஆரின்.

"சரி சரி, அது வெறும் பாத்திரமாத்தான் இருக்கும்," என்று அவசரமாகச் சொன்னேன். "மணி அடிச்சத விட்டுடலாமே? நாம மாடிக்குப் போயிருந்தோம்னு வெச்சுக்கலாம்."

ரோசலின்ட் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "சொன்னா செய்தாச்சு. அதுதானே சட்டம்?" என்றார். தாளில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிட்டேன். 'கதை நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தது.

ஆரின் எழுந்தான். "பத்து நிமிஷம் இடைவேளை," என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான்.

*

பொரித்த பாலாடைக்கட்டி விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். நானும் பா ஞியாவும் போய் நின்றோம்.

"எல்லாம் என்னாலதான்," என்றேன். "திட்டு. நல்லாத் திட்டு."

"உங்கள ஏன் திட்டணும்? கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாதவன் நான்தானே. அந்தம்மா ரெண்டு தடவை எழுதுனாங்க, உயிர் இல்லன்னு. சரியாத்தான் எழுதியிருக்காங்க." தலையைத் தூக்கினான். "ஆனா ஒண்ணு கேக்கறேன். பேரு இல்லன்னு சொன்னதும் ஏன் நீங்களும் டெல்லும் அப்படி உறைஞ்சு போனீங்க?"

"நம்ம ஊருல பேரு போடாம எவ பாத்திரம் வைப்பா?"

"எங்கம்மா வெச்சாங்க," என்றாள் பா ஞியா.

நான் திரும்பினேன்.

"எண்பத்தொண்ணுல. இந்த ஊருக்கு வந்து மூணு மாசம். சர்ச்காரங்கதான் விமானம் ஏத்திக் கூட்டிட்டு வந்தது, வீடு பார்த்துக் குடுத்தது, எல்லாம். விருந்துக்கு வாங்கன்னாங்க, அம்மா கடுகுக்கீரையும் பன்றிக்கறியும் வேகவெச்சு எடுத்துட்டுப் போனாங்க. பேரு எழுதணும்னு அவங்களுக்கு யாரு சொன்னா? யாரோடதுன்னு தெரியாததால யாரும் தொடலை. சாயங்காலம் மூடிகூடத் தொறக்காம அப்படியே தூக்கிட்டு வந்தாங்களாம்." அவள் ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். "எங்கம்மா ஒண்ணும் வேத்துக்கிரகவாசி இல்ல. ஷிபோய்கன்காரி."

"எந்த சர்ச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"உங்க சர்ச்சுதான், மார்லிஸ்."

எண்பத்தொன்றில் எனக்குப் பதினைந்து வயது. ஒவ்வொரு விருந்திலும் மேஜையில் பாத்திரம் அடுக்குவது என் வேலைதான். அந்தப் பாத்திரம் எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் உறுத்தியது.  வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆரின் பா ஞியாவையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவக்கவில்லை.

"இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

"எதை?"

"மூடி தொறக்காத பாத்திரத்தை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கெடுக்காம செய்," என்றாள்.

*

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஆரின் அறுபத்திரண்டு பக்கங்களையும் அடுக்கி, குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் காபிக் கோப்பையை வைத்தான். பதினொரு வருடத்தில் அவன் முன்னால் தாள் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. சட்டை இல்லாமல் பார்த்த மாதிரி இருந்தது.

"பாத்திரம் வெறும் பாத்திரம்தான்," என்றான். "நூடுல்ஸ் வெறும் நூடுல்ஸ்தான். ஆனா அதை யாரோ சமைச்சிருக்காங்க. வெளியே இருநூறு பேரு குளிர்ல நிக்கறாங்க. மணிய அடிச்சது நீங்க. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

ரோசலின்ட் பென்சிலைக் கீழே வைத்தார்.

 "பாத்திரங்களை ஒண்ணொண்ணா வெளியே கொண்டுவரேன்," என்றேன். "பேரைப் படிச்சு உரியவங்ககிட்டக் குடுக்கறேன்."

"குடுங்க."

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பெண்மணி வந்தாள். ஆரின் ஒவ்வொருத்தியாகவும் பேசினான். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் ஊரே அந்த மேஜைக்கு வந்து போனது. ஒருத்தி "எங்க ஜெல்லிய யாரு சாய்ச்சது?" என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி "நெருப்பு எரிஞ்சா எரியட்டும், என் கரண்டி எங்க?" என்றாள். அப்படியே எங்கள் சர்ச் ஹில்டா அத்தைதான். டெல்பர்ட் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"எல்லாப் பாத்திரமும் போயிடுச்சு. நீலம் மட்டும்தான் பாக்கி," என்றான் ஆரின். "எல்லார் கையிலயும் ஏதோ ஒண்ணு இருக்கு. கடைசி வரிசையில ஒரு பொம்பள மட்டும் வெறுங்கையோட நிக்கறா. அவ உங்களைப் பாக்கல. உங்க கையில இருக்கற நீலப் பாத்திரத்தையே பாக்கறா."

வலை விரித்தது நாங்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. முட்டாள்தனமாக அடித்த மணியே பொறியாகிவிட்டது. களை என்கிற எலி தானாக வந்து மாட்டிக்கொண்டது.

நாங்கள் அவளைச் சுற்றி நின்றோம். "பாத்திரத்துல ஏன் பேரு இல்ல?" என்று பா ஞியா கேட்டாள்.

ஆரின் அந்தப் பெண்ணாகப் பதில் சொன்னான். குரலை மாற்றவில்லை, தாழ்த்தினான், அவ்வளவுதான். "எல்லாம் கத்துக்கிட்டேன். எப்படிச் சிரிக்கணும், குளிரைப் பத்தி எவ்வளவு நேரம் பேசணும், ரெண்டாவது தடவ பரிமாறும்போது எப்படி வேண்டாம்னு சொல்லிட்டு வாங்கிக்கணும், எல்லாம். பேரு எழுதணும்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் என்ன பேரு எழுதறதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரமா யாராவது ஒரு கரண்டி எடுப்பாங்களான்னு பாத்துட்டே இருந்தேன்."



"ரெண்டாவது கட்டளை," என்றார் ரோசலின்ட், தலைமையக அதிகாரியாக. "பிடி. டெல்பர்ட், துப்பாக்கி உங்க கையிலதான் இருக்கு."

எல்லாரும் டெல்பர்ட்டைப் பார்த்தோம்.  இவர் சுட்டால் கதை முடிந்தது. ஆரினும் முடிந்தான். பதினொரு வருடமாகச் சுட்ட மனுஷன் இன்றைக்கு மட்டும் ஏன் சுடாமல் இருக்க வேண்டும்? தடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். அன்றைக்கு என் வாய் செய்தது போதும்.

டெல்பர்ட் மூக்கைத் தேய்த்தார். "சொன்னா செய்தாச்சு, இல்லையா?"

"ஆமா," என்றான் ஆரின்.

"அப்ப எழுதிக்க. என் ஆளு துப்பாக்கிய உறையில போடறான். மூடியத் தொறக்கறான். ஒரு கரண்டி எடுத்துச் சாப்புடறான்."

பின்னால் நின்ற யாரோ "ஐயோ" என்றார்கள். களையின் சமையல்! விஷமாக இருக்கலாம், வயிற்றில் முட்டை பொரிக்கலாம், என்னவும் ஆகலாம். விளையாட்டுச் சட்டப்படி பகடைதான் சொல்ல வேண்டும். டெல்பர்ட் தன் பழைய மஞ்சள் பகடையை உருட்டினார். அது மேஜை முழுக்க ஓடி, ஆரினின் கோப்பையில் மோதி நின்றது.

ஒன்று.

இருபது முகத்தில் அதைவிடக் கேடான முகம் கிடையாது.  ஆரின் பகடையைப் பார்த்தான். புரட்ட அவனிடம் பக்கம் இல்லை. நிமிர்ந்தான்.

"உப்பு பத்தல," என்றான்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ரோசலின்ட் ஏம்ஸ் வெடித்துச் சிரித்தார். அந்தம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. சுற்றி நின்ற முப்பது பேரும் கைகொட்டிக் கூச்சல் போட்டார்கள். டெல்பர்ட் மேஜையில் தட்டி, "உப்பு இருந்தா குடு, இன்னொரு கரண்டி சாப்புடறேன்!" என்று கத்தினார்.

சிரிப்பு அடங்கியதும் ரோசலின்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் கட்டளை பாக்கி இருந்தது. பார்த்தவர்களை மறக்கச் செய்யும் கருவி அவருடைய ஆளிடம்தான் இருந்தது.

"என் ஆளு கருவிய வேன்லயே வெச்சுப் பூட்டிடறா," என்றார். "வேன்லேருந்து டேப் எடுத்துட்டு வரா. பேரு எழுதி ஒட்டணும். என்ன பேரு?"

ஆரின் தலையைத் திருப்பினான். பா ஞியாவைப் பார்த்தான்.

டெல்பர்ட் சட்டைப் பையிலிருந்து நிஜமான டேப் சுருளை எடுத்து ஒரு முழம் கிழித்து நீட்டினார். பா ஞியா ரோசலின்டின் பென்சிலை வாங்கினாள். 'மாய் சியோங்' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். ஆரினின் கோப்பையைத் தூக்கிவிட்டு, குப்புறக் கிடந்த அறுபத்திரண்டு பக்கங்களின் முதுகில் ஒட்டினாள்.

"எங்கம்மா பேரு," என்று ரோசலின்டிடம் சொன்னாள்.  என் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவும் இல்லை.

ரோசலின்ட் தன் குறிப்புத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டார். "ஆரின், அந்தத் தாளுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம். இன்னைக்கு வாயால சொன்னத எழுதி அனுப்புங்க, ஒரு மாசம் டயம். ஆறாவது வழக்கு இதுதான்."

ஆரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஏதோ கம்பீரமாகச் சொல்லப் போகிறான் என்று பார்த்தால், "ஆர்கன் வாசிச்சவர்தாங்க நெஜமான களை. யாருமே மாடிக்குப் போகல," என்றான்.

"ஆர்கனா?" என்றார் டெல்பர்ட். "எந்த ஆர்கன்?"

*

ஏப்ரலில் புத்தகம் வந்தது. ஆறாவது வழக்கின் முதல் பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் படம். அதன் அடியில் டேப். டேப்பில் பா ஞியாவின் கையெழுத்திலேயே அந்தப் பெயர்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆரின் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரே ஒரு தாள். அதிலும் பாதி காலி. பா ஞியா தாமதமாக வந்தாள், கூடவே அவள் அம்மாவும். மாய் சியோங் என் தோள் உயரம்கூட இல்லை. எழுபது தாண்டிய வயது. துணியில் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து பகடைகளுக்கு நடுவில் வைத்தார்.

எனக்குப் பழக்கதோஷம். வணக்கம் சொல்வதற்கு முன்பே பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்து அடியில் பார்த்துவிட்டேன்.

டேப் இல்லை.

"பேரு போடலையே," என்றேன், என்னை அறியாமல்.

மாய் சியோங் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேஜையில் கிடந்த புத்தகத்தை எடுத்தார். சரியான பக்கத்தைப் புரட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பேரு எதுக்கு?" என்றார். "அச்சே அடிச்சிருக்காங்களே, நீ படிக்கலையா?"

டெல்பர்ட் தட்டுக்கு அலைந்தார். ஆரின் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். நான்தான் முதலில் மூடியைத் திறந்தேன். கடுகுக்கீரையும் பன்றிக்கறியும். இரண்டு தட்டு சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.